உள்ளே தம் கிடையாது, கடன் கிடையாது: கட்டபெட்டு வழியில் ஒரு டீக்கடை

குன்னூரிலிருந்து கோத்தகிரி போகிற ரோட்டில், கட்டபெட்டு வருவதற்குக் கொஞ்சம் முன்னால், ஒரு வளைவு முடிகிற இடத்தில் தகரக் கூரை போட்ட டீக்கடை ஒன்று இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது, மேப்பில் தேடினாலும் வராது. நாலு வருடமாக வாரத்துக்கு ஐந்து நாள் அந்த வழியாகத்தான் வேலைக்குப் போய் வருகிறேன். அதில் முதல் இரண்டு வருடம் அந்தக் கடைக்குள் நான் கால் வைத்ததே இல்லை. கடை மேல் கோபம் ஒன்றும் இல்லை. டீக்கடை என்றாலே எனக்கு ஆகாது, அவ்வளவுதான். சின்ன வயதிலிருந்தே வீசிங். யாராவது பக்கத்தில் பற்ற வைத்தால் பத்து நிமிஷத்தில் நெஞ்சுக்குள் விசில் கேட்க ஆரம்பித்துவிடும், பையில் சீப்பு இருக்கிறதோ இல்லையோ இன்ஹேலர் இருக்கும்.

நம் ஊர் டீக்கடை எப்படி இருக்கும் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒரு பக்கம் பாய்லர், ஒரு பக்கம் பன்னும் வர்க்கி என்கிற மொறுமொறு பிஸ்கட்டும் போட்ட கண்ணாடிப் பெட்டி, நடுவில் நூலில் கட்டித் தொங்கவிட்ட லைட்டர். முன்பெல்லாம் நுனியில் கனன்றுகொண்டே இருக்கும் கயிறு தொங்கும், பீடிக்காரர்கள் குனிந்து அதில் ஒற்றி எடுப்பார்கள். இப்போது அது லைட்டர் ஆகியிருக்கிறது, மற்றதெல்லாம் அப்படியே. "ஒரு டீ, ஒரு பில்டர்" என்பது ஒரே வார்த்தை மாதிரி வாயில் வரும். சிகரெட் பெட்டியில் ஏறக்குறைய முழுவதும், சட்டப்படி 85 சதவீத இடத்தில், அந்தப் பயங்கரமான எச்சரிக்கைப் படம் போட்டிருக்கிறார்கள், 2016-லிருந்து. ஆனால் ஒன்று ஒன்றாக வாங்குகிறவர் அந்தப் பெட்டியைக் கையில் தொடுவதே இல்லையே, படத்தைக் கடைக்காரர் மட்டும்தான் தினமும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இதில் பெண்கள் எங்கே உட்காருவது? உட்கார மாட்டோம். பஸ் நின்றால் ஜன்னல் வழியாக வாங்கிக் குடிப்போம், இல்லையென்றால் பார்சல். கடைக்குள்ளே பெண்கள் உட்காரக் கூடாது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. புகையும் அதற்குள் உட்கார்ந்திருக்கிற பார்வையும் சேர்ந்து அந்த வேலையைச் செய்துவிடுகின்றன.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு நவம்பர் மாலை, வடகிழக்குப் பருவமழை கொட்டிக்கொண்டிருந்தது, ரோட்டில் எங்கோ மரம் விழுந்து பஸ் வரவில்லை, குடையும் வளைந்துவிட்டது. வேறு வழியில்லாமல் அந்தத் தகரக் கூரைக்குள் ஓடினேன். ஓடும்போதே கை பைக்குள் இன்ஹேலரைத் தேடியது. உள்ளே போய் நின்று, மூச்சை இழுத்துப் பார்த்தால், கொதிக்கிற டஸ்ட் டீயின் வாசனை. ஏலக்காய். ஈரக் கம்பளி. அவ்வளவுதான். பெஞ்சில் கொழுந்து பறித்து எடை போட்டுவிட்டு வந்த ஐந்தாறு அக்காக்கள், நெருக்கியடித்து உட்கார்ந்து, காலை நீட்டி, சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தர் அட்டைக் கடியில் உப்பு தேய்த்துக்கொண்டிருந்தார். டீக்கடைக்குள் இப்படி ஒரு காட்சியை நான் அதுவரை பார்த்ததில்லை.

அப்புறம்தான் சுவரைப் பார்த்தேன். ஒரு பழைய தகர டப்பாவை வெட்டி விரித்து, நீல பெயிண்டில் கையால் எழுதியிருந்தது:

உள்ளே தம் கிடையாது.
கடன் கிடையாது.

இந்த இரண்டில் கடன் விஷயம் சும்மா. பாய்லருக்குப் பின்னால் நூல் கட்டிய நோட்டு ஒன்று தொங்குகிறது, அதில் பாதி எஸ்டேட்டே இருக்கிறது. முதல் வரிதான் சட்டம். இரண்டு வருடத்தில் ஒரே ஒரு தடவைதான் அதை ஒருவர் மீறி நான் பார்த்தேன், அதைப் பிறகு சொல்கிறேன்.

சரி, விமர்சனத்துக்கு வருகிறேன். டீ பதினைந்து ரூபாய். பக்கத்து பேக்டரி டஸ்ட்தான், விலை உயர்ந்த சமாச்சாரம் ஒன்றும் இல்லை, ஆனால் கடைக்கார அண்ணன் அதைத் துணிப்பையில் போட்டு இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை என்று பிழிந்து ஏமாற்றுவதில்லை. நிறம் செங்கல், மேலே நுரை, கிளாஸின் விளிம்பு உதட்டைச் சுடும். சர்க்கரை கை தாராளம், "சர்க்கரை கம்மி" என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஆத்தும்போது சொன்னால் காதில் விழாது. போண்டா வேண்டாம், எண்ணெய் குடித்திருக்கும், அதுவும் நாலு மணிக்கு மேல் போனால் கல். வர்க்கி மதியம் குன்னூரிலிருந்து வருகிறது, அதை விட்டுவிடாதீர்கள். ஊட்டி வர்க்கிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு எல்லாக் கடைக்காரர்களும் பெட்டியில் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்கிறார்கள், இங்கே பெயரும் இல்லை, பெட்டியும் இல்லை, பெரிய தகர டின்னிலிருந்து எடுத்து நியூஸ் பேப்பர் துண்டில் வைத்துத் தருவார்கள். உடைத்தால் ஏடு ஏடாக வரும். உட்கார எட்டுப் பேருக்கு இடம். பாத்ரூம் கிடையாது, அது பெரிய குறை, குறிப்பாக எங்களுக்கு.

ஏன் தம் கிடையாது என்று அண்ணனிடம் ஒரு நாள் கேட்டேன். ஆரோக்கியம், சமூகம் என்று ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் வர்க்கி டின்னைக் காட்டினார். "வர்க்கி புகையக் குடிக்கும்மா. நெய்யு, டால்டா எல்லாம் இருக்குல்ல. சாயங்காலம் ஆனா டின்னு முழுக்க பீடி வாசம் அடிக்கும். பாலும் அப்படித்தான்." அது முதல் காரணம். இரண்டாவது காரணத்துக்கு விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். ஒரு சிகரெட் விற்றால் அவருக்கு நிற்பது ஒரு ரூபாய், மிஞ்சினால் இரண்டு. அதைப் பிடிக்கிற ஆள் ஒரே டீயை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் பெஞ்சை அடைப்பார். அவர் எழுந்து போனால் அந்த இடத்தில் மூன்று அக்காக்கள் உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு டீ, இரண்டு வர்க்கி, வீட்டுக் குழந்தைக்கு ஒரு பன் பார்சல். "நானென்ன தியாகியா?" என்றார்.

இதில் வேடிக்கை என்னவென்றால் அண்ணனே பீடி பிடிப்பவர். ஒரு நாளைக்கு ஏழெட்டு. ஒவ்வொரு தடவையும் அடுப்பைக் கடையில் கூட இருக்கிற அக்காவிடம் ஒப்படைத்துவிட்டு, மழையோ பனியோ, கம்பளித் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு ரோட்டைத் தாண்டி எதிரே இருக்கிற பாலத்துக் கட்டைச் சுவரில் போய் உட்கார்ந்துதான் பிடிப்பார். முன்பு இருபது பிடித்ததாகச் சொல்கிறார். ரோட்டைத் தாண்டுகிற சோம்பலிலேயே பாதிக்கு மேல் குறைந்துவிட்டதாம். புகைபிடிக்காத ஒருவர் இந்தப் பலகையை மாட்டியிருந்தால் எனக்கு இவ்வளவு மரியாதை வந்திருக்குமா என்று தெரியவில்லை, நான் மாட்டியிருந்தால் நிச்சயம் யாரும் மதித்திருக்க மாட்டார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்று நான் தேடிப் படித்திருக்கிறேன், அடிபட்டவள் என்பதால். 2001-லேயே உச்ச நீதிமன்றம் பொது இடங்களில் புகைபிடிப்பதைத் தடுக்கச் சொன்னது. 2003-ல் மத்திய அரசு புகையிலைப் பொருட்களுக்கென்று தனிச் சட்டம் கொண்டுவந்தது. அதன் கீழ் வந்த விரிவான விதிகள் 2008 அக்டோபர் 2 முதல் நடைமுறையில் இருக்கின்றன, காந்தி ஜெயந்தியாகப் பார்த்துத் தேதி வைத்திருக்கிறார்கள். ஹோட்டல், டீக்கடை, ஆபீஸ், தியேட்டர், பஸ் ஸ்டாப் எல்லாம் அதில் வரும். வாசலில் 60-க்கு 30 சென்டிமீட்டர் அளவில் பலகை வைக்க வேண்டும், யாரிடம் புகார் சொல்வது என்று பெயரையும் எழுதி வைக்க வேண்டும், ஆஷ்ட்ரே, தீப்பெட்டி, லைட்டர் எதையும் கொடுக்கக் கூடாது. அதாவது நூலில் தொங்குகிற அந்த லைட்டரே சட்ட விரோதம்! பிடித்தால் அபராதம் 200 ரூபாய் வரை. 2003-ல் 200 ரூபாய் கணிசமான காசு. இன்று குன்னூரிலிருந்து ஊட்டிக்கு ஆட்டோ பிடிக்கப் போதாது.

அண்ணனின் தகரம் இந்த அளவில் இல்லை, புகாருக்குப் பெயரும் இல்லை. கறாராகப் பார்த்தால் அவர் பலகையும் சட்டப்படி செல்லாது. நான் அவரிடம் சொல்லவில்லை.

சரியான அளவில், சரியான வாசகத்தோடு, பித்தளை பிரேம் போட்டுப் பலகை மாட்டிய இடத்தையும் பார்த்திருக்கிறேன். போன மே மாதம் ஊட்டியில் ஒரு சொந்தக்காரர் கல்யாணத்துக்காக ஒரு லாட்ஜில் இரண்டு நாள் தங்கினோம். பெயர் வேண்டாம். மொத்தமே பன்னிரண்டு ரூம். ரிசப்ஷனில் பலகை பளபளக்கிறது. மாடியில் என் ரூம் கதவுக்கு நேர் எதிரே, வராந்தா முனையில் இரண்டு பிரம்பு நாற்காலி, ஒரு பீங்கான் ஆஷ்ட்ரே, மேலே "ஸ்மோக்கிங் ஜோன்" என்று அச்சடித்த பேப்பர். சட்டப்படி, விமான நிலையத்தை விட்டால், முப்பது ரூமோ அதற்கு மேலோ இருக்கிற ஹோட்டல்தான், முப்பது பேரோ அதற்கு மேலோ உட்காருகிற சாப்பாட்டு ஓட்டல்தான் புகைபிடிக்க இடம் ஒதுக்கலாம். அதுவும் நாலு பக்கமும் சுவர், தானாக மூடிக்கொள்ளும் கதவு, புகையை நேராக வெளியே தள்ளும் ஏற்பாடு என்று விதி. பிரம்பு நாற்காலிக்கு விதி இல்லை. மலையில் இரவு எட்டு மணிக்கு மேல் யார் ஜன்னலைத் திறப்பார்கள்? கதவிடுக்கு வழியாக வந்த புகை ரூமிலேயே தங்கியது. அதைவிட மோசம், ரஜாய், அந்தக் கனத்த போர்வை. எனக்கு முன்னால் எத்தனை பேர் அதைப் போர்த்திக்கொண்டு பிடித்தார்களோ, தலை வரை இழுத்தால் பழைய சாம்பல் நாற்றம், அதோடு இந்த ஊர் ஈரம் சேர்ந்து ஊறிய வாசனை. இரவு ஒன்றரை மணிக்கு ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ரஜாய் இல்லாமல் உட்கார்ந்திருந்தேன், இரண்டு தடவை இன்ஹேலர். காலையில் மேனேஜரிடம் சொன்னபோது அவர் ரொம்பப் பணிவாக, "ரூம் ஸ்ப்ரே அடிக்கச் சொல்லட்டுமா மேடம்?" என்றார். மல்லிகை வாசனை ஸ்ப்ரே.

புகையைத் தனி மூலையில் வைப்பதும் காற்றோட்டம் செய்வதும் புகைபிடிக்காதவரைக் காப்பாற்றாது என்று அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் அறிக்கை 2006-லேயே சொல்லிவிட்டது. கொஞ்சமாக இழுத்தால் பரவாயில்லை என்று ஓர் அளவே கிடையாது என்பதும் அதில்தான் இருக்கிறது. அந்தப் புகையில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட ரசாயனங்கள், அதில் எழுபது போலப் புற்றுநோய் வரவழைப்பவை. இதெல்லாம் தெரிந்துதான் நான் பிரம்பு நாற்காலியைக் கண்டால் கத்துகிறேன். முப்பது ரூம் ஹோட்டலுக்குக் கொடுத்திருக்கிற விலக்கையும் எடுத்துவிட வேண்டும் என்பதுதான் என் கட்சி. பிடிக்கிறவர் வெளியே போகட்டும், அவர் உரிமையை நான் பிடுங்கவில்லை, கதவைத் தாண்டச் சொல்கிறேன்.

"குளிருக்கு இதமா இருக்கும்மா" என்று ஒரு பதில் உண்டு. எங்கள் பெரியப்பா சொல்வது. மார்கழியில் எல்லா ஜன்னலையும் சாத்திவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து பீடி பிடிப்பார், பிள்ளைகள் நாங்கள் சுற்றி உட்கார்ந்து கதை கேட்போம், கதையோடு அதையும் இழுத்தோம். உண்மையில் நிகோடின் தோலுக்கு அடியில் இருக்கிற சின்ன ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும், விரல் நுனி இன்னும் குளிர்ந்து போகும். இதமாக இருப்பது கையில் பிடித்திருக்கிற நெருப்பு, அந்த வேலையை ஒரு டீ கிளாஸ் இன்னும் நன்றாகச் செய்யும். பெரியப்பாவிடம் இதைச் சொன்னேன், "டீயும் இருக்கட்டும்" என்றார்.

கடைக்குத் திரும்புகிறேன். சீசன் நேரத்தில், போன மே மாதக் கடைசி, கீழே இருந்து வந்த ஒரு கார் நின்றது. மலை ஏற இ-பாஸ் எடுத்து, குஞ்சப்பனை செக்போஸ்டில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைப் பறிகொடுத்து, ஏற்கெனவே கடுப்பில் வந்த கூட்டம். அதில் ஒரு பையன், இருபத்தைந்து வயது இருக்கும், டீயை வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து பற்ற வைத்தான். பக்கத்தில் கொழுந்துக் கூடையோடு ஒரு பாட்டி. அண்ணன் சுவரைக் காட்டினார்.

"மழை பெய்யுதுண்ணே."

"ஆமா தம்பி, பெய்யுது."

"ஒரு நிமிஷம்ணே, முடிஞ்சுரும். காசு குடுத்துத்தானே குடிக்கிறோம்?"

அண்ணன் ஒன்றும் பேசவில்லை. பையன் பக்கத்தில் பெஞ்சில் வைத்திருந்த பாதி டீ கிளாஸை எடுத்தார், மேலே ஒரு சாசரைக் கவிழ்த்து மூடினார், தலையில் ஒரு உரச் சாக்கைப் போட்டுக்கொண்டு, லாரி ஒன்று போகும் வரை நின்று, ரோட்டைத் தாண்டி, கட்டைச் சுவர் மேல் அந்த கிளாஸை வைத்துவிட்டுத் திரும்பி வந்தார். "தம்பி, உங்க டீ அங்க இருக்கு." பாட்டி முதலில் சிரித்தார், அப்புறம் பையனின் நண்பர்கள், கடைசியில் அவனே. போய் நனைந்துகொண்டே குடித்தான். போகும்போது ஆறு வர்க்கி பார்சல் வாங்கிக்கொண்டு போனார்கள். 200 ரூபாய் ரசீது கிழித்திருந்தால் அவன் கொடுத்துவிட்டு, அடுத்த வளைவில் இன்னொன்று பற்ற வைத்திருப்பான் என்று நினைக்கிறேன். ஆனால் எல்லாக் கடைக்காரரும் இப்படிச் சாக்கு போட்டுக்கொண்டு ரோட்டைத் தாண்டுவார்கள் என்று நம்பி அரசாங்கம் சும்மா இருக்கவும் முடியாது.

இனி குறைகள், போண்டாவைத் தவிர. மழை பலமாக இருந்தால் கட்டைச் சுவருக்குப் போகிறவர்கள் குறைவு, கூரை நுனிக்குக் கீழே வாசப்படியில் நின்று பிடிப்பார்கள். சட்டப்படியோ அண்ணன் படியோ அது "உள்ளே" இல்லை, ஆனால் காற்று அந்தப் பக்கம் இருந்தால் அத்தனையும் உள்ளேதான் வரும். அந்த நாட்களில் நான் அடுப்புப் பக்கம் அக்கா அருகே போய் நின்றுகொள்கிறேன். அதைவிடப் பெரிய விஷயம் அந்தக் கட்டைச் சுவர். அதன் பின்னால் சரிவு, சரிவுக்குக் கீழே ஓடை, ஓடைக்கு அந்தப் பக்கம் சோலை. சுவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தால் சிகரெட் துண்டு குப்பை குப்பையாகக் கிடக்கிறது. பில்டர் பஞ்சு என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள், அது செல்லுலோஸ் அசிட்டேட், ஒரு வகை பிளாஸ்டிக். தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கி வைக்கிற மாவட்டத்தில் இந்தப் பிளாஸ்டிக் மட்டும் பாக்கெட்டுக்குள் ஜாலியாக மலை ஏறி, ஓடையில் இறங்குகிறது. பிப்ரவரி, மார்ச்சில் இன்னும் பயம். உறைபனி அடித்துப் புல் எல்லாம் காய்ந்து நிற்கும், அணைக்காமல் சுண்டிவிட்ட ஒரு துண்டு போதும்.

ஐந்துக்கு நாலு கொடுக்கிறேன். பாத்ரூமுக்கும் வாசப்படிக்கும் சேர்த்து ஒன்றைக் கழித்தாயிற்று. காலை ஆறரைக்குத் திறக்கும், ஞாயிறு மதியம் வரைதான். நாலரை மணிக்குப் போனால் அக்காக்கள் கூட்டம், உட்கார இடம் கிடைக்காது, ஆனால் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுப்பார்கள், ஊர்க்கதையும் சேர்த்து. தனியாக வண்டியில் வருகிற பெண்கள் தைரியமாக நிறுத்தலாம். சில்லறை கொண்டு போங்கள்.

அந்தத் துண்டுகளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று ஒரு பெரிய பால்பவுடர் டின்னில் பாதி வரை மணல் போட்டு எடுத்துப் போய் அண்ணனிடம் கொடுத்தேன். கட்டைச் சுவர் மேல் வைத்தார். மூன்றாம் நாள் டின்னை யாரோ தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள், நல்ல மூடி போட்ட டின். மணலை மட்டும் சுவர் மேலேயே கொட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். நேற்று பஸ்ஸிலிருந்து பார்த்தேன், அந்த மணல் குவியலில் ஏழெட்டுத் துண்டுகள் ஊதுவத்தி மாதிரி நேராகக் குத்தி நின்றுகொண்டிருந்தன.